கவர்னரை வீட்டுக்கு அனுப்பிய வரி

போரில் தோற்றுப் பதவி இழந்த கவர்னர்களைச் சரித்திரத்தில் நிறையப் பார்க்கலாம். ஒரு வரியை எதிர்த்ததற்காகப் பதவி இழந்த கவர்னர் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். அவர் எதிர்த்தது வேறெதையும் அல்ல. ஆண்டுதோறும் நீங்களும் நானும் கணக்கு எழுதிக் கொடுக்கிறோமே, அந்த வருமான வரியைத்தான்.

1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கி முடித்தபோது இந்திய சர்க்காரின் கஜானா வறண்டுபோயிருந்தது. நிலைமையைச் சீர்படுத்த லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்ஸன் என்பவரை அனுப்பினார்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி வியாபாரத்தில் வாழ்க்கையைத் தொடங்கியவர், அவுரி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர், 1843-இல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர். லாப நஷ்டத்தை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்ல.

1860 பிப்ரவரியில் அவர் தம் திட்டத்தை வெளியிட்டார். வருஷத்துக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய்வரை வருமானமுள்ளவர்கள் நூற்றுக்கு 2 ரூபாய் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்கள் 4 ரூபாய். நிலம், தொழில், கடன் பத்திர வட்டி, சம்பளம் எதுவும் தப்பவில்லை.

சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இதைக் கேட்டுக் கொதித்தார். சென்னை ராஜதானி புரட்சியில் சேரவில்லை. பழக்கமில்லாத ஒரு வரியை அதன் தலையில் கட்டுவானேன்? முதலில் சர்க்கார் தன் ராணுவச் செலவைக் குறைக்கட்டும் என்பது அவர் கட்சி. மேலிடத்துக்கு எழுதியதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்துவிட்டார்! அந்த ஆண்டே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

வில்ஸனுக்கும் வெற்றியை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1860 ஜூலை 24-இல் சட்டம் அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 11-இல் அவர் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் காலமானார்.

இதற்கு மேல் நடந்ததை நான் நாவலில் எழுதினால், "இதெல்லாம் நம்பும்படியாக இல்லை" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். 1862 இறுதிக்குள் ட்ரெவெல்யனையே நிதிப் பொறுப்புக்கு நியமித்தார்கள். அவர் காலத்தில் 4 சதவீதம் 3 ஆயிற்று. 1865-இல் வரியே போய்விட்டது.

அந்த வரி ஏன் நிலைக்கவில்லை? நிலவரிக்குச் சர்க்கார் தானே அளந்துகொண்டது. உப்பு வரியை விலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டது. வருமான வரி மட்டும் குடிமகனைப் பார்த்து, "உன் கணக்கை நீயே எழுதிக் கொடு" என்றது. கேட்டதோ அவன் தேர்ந்தெடுக்காத சர்க்கார். அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று திருப்பிக் கேட்க அவனுக்கு வாயில்லை. பொய்க் கணக்கு மலிந்துவிட்டதாக அதிகாரிகளே குறைப்பட்டுக்கொண்டார்கள். மலியாமல் என்ன செய்யும்?

போன வரி வேறு வேறு வேஷங்களில் எட்டிப் பார்த்துவிட்டு, 1886-இல் நிரந்தரமாகவே வந்து உட்கார்ந்தது. ஆனால் வரவை மட்டும் கேட்டால் நியாயமாகுமா? லாபத்தைச் சம்பாதிப்பதற்காகவே செய்த செலவைக் கழித்துக்கொள்ள 1922-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1939-இல் அதைத் திருத்தி, 'முழுமையாகவும் பிரத்தியேகமாகவும்' தொழிலுக்கென்று செய்த செலவு என்று ஆக்கினார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த இரண்டு வார்த்தைகளை விடவில்லை.

அந்த வார்த்தைகளின் பொருளை என் தொழிலை வைத்தே சொல்கிறேன். சோழர் காலக் கதை எழுதுவதற்காகத் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பார்க்கப் போகிறேன். ரயில் டிக்கெட் செலவில் சேரும். போகிற வழியில் கும்பகோணத்தில் இறங்கி மைத்துனனுக்கு வாங்கிய வேஷ்டி சேராது. காகிதம், தட்டெழுத்துக் கூலி, தபால் செலவு சேரும். வீட்டு மளிகை சேராது. இதைப் புரிந்துகொள்ள ஆடிட்டர் வேண்டாம். மனச்சாட்சியும் ரசீதுக் கட்டும் போதும்.

வரவை மறைக்கிறவர்களை நாம் அறிவோம். செலவைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான செலவைக் கழித்துக்கொள்வது ஏதோ கஞ்சத்தனம், சர்க்காரை ஏமாற்றும் தந்திரம் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. செலவு எழுதாத கணக்கும் அரைக் கணக்குத்தான்.

இன்னொரு கூட்டம், கடைசி நாள் போன பிறகு ரசீதைத் தேடும். தாமதக் கட்டணமும் வட்டியும் இருக்கட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தொழிலில் நஷ்டம் வந்தால் அதைப் பின்னால் வரும் எட்டு ஆண்டுகளின் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கைக் கெடுவுக்குள் கொடுத்தவனுக்குத்தான் அந்தச் சலுகை. நாவல் விற்காத ஆண்டில் கணக்கெதற்கு என்று சும்மா இருந்துவிட்ட எழுத்தாளன், நாவல் விற்கும் ஆண்டில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ட்ரெவெல்யன் சர்க்காரைப் பார்த்து, உன் செலவைக் காட்டு என்றார், பதவி போயிற்று. இன்று அதே கேள்வியை யாரும் கேட்கலாம். பட்ஜெட் நாளில் டீக்கடையிலேயே கேட்கிறார்கள். தன் வரவையும் செலவையும் உள்ளபடி எழுதி, காலத்தில் கொடுத்துவிட்டு வந்தவன் கேட்கும்போது மட்டும் குரலில் தடுமாற்றம் இருப்பதில்லை.