செய்தி யாருக்குச் சொந்தம்? எடுத்தெழுதும் உரிமையும் நம் வரலாறும்

ஏற்காடு ஒண்டிக்கடையில் மாலையில் கூடும் மாணவத் தோழர்கள் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்கள். வன்கொடுமை ஒன்றைப் பற்றி வந்த செய்தியை விமர்சித்து அவர்கள் ஒரு காணொளி போட்டிருந்தார்கள். அதில் ஒரு செய்தி நிறுவனத்தின் காட்சி சில நொடிகள் இருந்தது. பதிப்புரிமை மீறல் என்று புகார் வந்தது, காணொளி நீக்கப்பட்டது. "நம்மைப் பற்றி வந்த செய்தியை எடுத்துக்காட்டி, இது தவறு என்று நாமே சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்கள்.

இது யூடியூப் வந்த பிறகு பிறந்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். செய்தியை யார் சொல்வது, யார் அதை எடுத்தெழுதலாம், எழுதியதை யார் பூட்டி வைக்கலாம் என்ற சண்டைக்கு நம் வரலாற்றில் நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. அதை அறியாமல் இன்றைய வழக்குகளைப் புரிந்துகொள்ள முடியாது.

அம்பேத்கர் சுட்டிக்காட்டிய கதவு

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 'ஊமைகளின் தலைவன்' என்று பொருள். இதழ் வரப்போகிறது என்ற விளம்பரத்தைக் காசு கொடுத்துப் போடக் கேட்டும், திலகர் தொடங்கிய 'கேசரி' மறுத்துவிட்டது. இலவசமாக இடம் கேட்கவில்லை, விலை கொடுத்தே கேட்டார்கள். அதற்கும் கதவு திறக்கவில்லை.

25 ஆண்டுகள் கழித்து, 1945-இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில் வெளிநாட்டாருக்கு ஒரு முறையீட்டை எழுதினார் அம்பேத்கர். தீண்டப்படாதோருக்குப் பத்திரிகை இல்லை, விளம்பர வருவாய் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது, இருக்கும் பத்திரிகைகள் நமக்கு இடம் தருவதில்லை என்று வரிசைப்படுத்தினார். அத்தோடு நிற்கவில்லை. நாட்டுக்கே செய்தி விநியோகித்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா என்ற செய்தி முகமையில் வேலை செய்வோர் முழுக்கச் சென்னை மாகாணப் பார்ப்பனர்கள் என்றும், காங்கிரசுக்கு எதிரான செய்தியை அவர்கள் வெளியே விடமாட்டார்கள் என்றும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்.

இதன் ஆழத்தைப் பாருங்கள். ஒரு பத்திரிகை நம்மை ஒதுக்கினால் இன்னொரு பத்திரிகையைத் தேடலாம். எல்லாப் பத்திரிகைகளுக்கும் செய்தி கொடுக்கும் முகமையே ஒதுக்கினால் தேடிப்போக இடமில்லை. கிணறு ஒன்றுதான், குடம் நூறு என்ற நிலை. அந்த முகமையின் வேலைகளைத்தான், 1947 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1949-இல் ஏற்றுக்கொண்டது. சென்னையிலோ டெல்லியிலோ எழுதப்பட்ட நான்கு வரிகள்தான் மறுநாள் காலை சேலம் வந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டுக் கடைகளில் தொங்கின. காபித் தோட்டத்தில் வேலை செய்தவர் தன் ஊரில் நடந்ததைக்கூட அந்த நான்கு வரிகளின் வழியாகவே அச்சில் பார்க்க முடிந்தது.

எடுத்தெழுதியதால் மிஞ்சியவை

நம்மிடம் பத்திரிகையே இருந்ததில்லை என்று இதற்குப் பொருளல்ல. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். 1869-இன் 'சூரியோதயம்' முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களின் நீண்ட வரிசையை ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் தம் நூலில் தொகுத்திருக்கிறார்.

அந்த இதழ்களில் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. பெரிய நூலகங்கள் சேர்த்து வைக்கவில்லை, சேரியில் பத்திரமாக வைக்க அலமாரி இல்லை. பிறகு அவை இருந்தன என்று எப்படித் தெரிகிறது? எடுத்தெழுதியவர்களால்தான். பிரிட்டிஷ் அரசு தன்னை யார் திட்டுகிறார்கள் என்று கண்காணிக்க, இந்திய மொழி இதழ்களின் பத்திகளை மொழிபெயர்த்து வாராவாரம் அறிக்கை தயாரித்தது. உளவு பார்க்க எடுத்த அந்தக் குறிப்புகளில் நம் முன்னோரின் குரல் துண்டு துண்டாகத் தங்கிவிட்டது. ஒரு இதழ் இன்னொரு இதழை மேற்கோள் காட்டி மறுத்த இடங்களிலும் தங்கியது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம் கைக்கு வந்தது.

நூலகமும் ஆவணக் காப்பகமும் உள்ளவர்களுக்கு மேற்கோள் என்பது எழுத்துக்கு ஒரு அலங்காரமாக இருக்கலாம். நமக்கு மேற்கோள்தான் ஆவணக் காப்பகம். எடுத்தெழுதுவதைத் தடுப்பவர் அந்தக் காப்பகத்தின் கதவை அடைக்கிறார்.

எதிராளியின் சொல்லே சாட்சி

1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையின் கருத்துகளை ஏற்க முடியாமல் மாநாட்டையே கைவிட்டது. அவர் உரையைத் தன் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அதை விமர்சித்து எழுதினார். 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் என்ன செய்தார் தெரியுமா? காந்தியின் விமர்சனத்தைப் பின்னிணைப்பாக அப்படியே சேர்த்தார், அதன் பின்னால் தன் மறுப்பை வைத்தார்.

"காந்தி இப்படிச் சொன்னார்" என்று சுருக்கி எழுதியிருந்தால், திரித்துவிட்டார் என்று சொல்லியிருப்பார்கள். முழுதாக வைத்ததால் அந்த வாய்ப்பே இல்லை. ஒடுக்கப்பட்டவரின் சொல்லை உலகம் எளிதில் நம்பாது. அதனால் எதிராளியின் சொல்லையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

கீழ்வெண்மணியையும் இப்படிப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. வசதி படைத்த அவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து தீர்ப்பிலேயே இருந்தது. அதை எடுத்துக்காட்டாமல் வெறுமனே சொன்னால் எந்த மாணவரும் மிகை என்றுதான் நினைப்பார். தீர்ப்பின் சொற்கள் அரை நூற்றாண்டாக மீண்டும் மீண்டும் எடுத்தெழுதப்பட்டதால்தான் அந்த அநீதி மறக்கப்படவில்லை.

நம் மாவட்டத்து வழக்கு

பூட்டு எப்போதும் எதிர்த்தரப்பிலிருந்துதான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். பெரியார் 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய 'குடிஅரசு' நம் வரலாற்றுக்கும் மூல ஆவணம். அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வெளிவந்த ஆண்டிலேயே அதைத் தமிழில் தொடராக வெளியிட்ட இதழ் அது.

1925 முதல் 1938 வரையிலான 'குடிஅரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிட 2008-இல் பெரியார் திராவிடர் கழகம் முன்வந்தது. அதன் தலைவர் கொளத்தூர் மணி நம் சேலம் மாவட்டத்துக்காரர், மேட்டூருக்குப் பக்கத்துக் கொளத்தூர். உடனே கி. வீரமணி தலைமையிலான பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம், பதிப்புரிமை தங்களுடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடையும் கிடைத்தது. பெரியாரின் எழுத்தைத் திரித்துவிடாமல் காக்கவே தாங்கள் வந்ததாக நிறுவனம் சொன்னது. தம் கருத்தைப் பரப்புங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் எழுத்துக்கு வேலியா என்று எதிர்த்தரப்பு கேட்டது.

2009 ஜூலையில் நீதிபதி கே. சந்துரு தடையை நீக்கினார். பெரியாரின் எழுத்துரிமை அந்த நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்பதே சாரம். 2010-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. 27 தொகுதிகள் வெளிவந்தன. ஒருவர் "இது என்னுடையது" என்று சொல்வதாலேயே அது அவருடையதாகிவிடாது. எழுத்தில் காட்டச் சொல்லுங்கள் என்பதை இந்த வழக்கு நமக்குக் கற்றுத்தருகிறது.

அங்கே சொல்லுக்கு விலை, இங்கே நொடிக்கு

உலகின் பெரிய செய்தி முகமைகளில் ஒன்றான அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ், 2008 ஜூனில் 'டிரட்ஜ் ரிட்டார்ட்' என்ற தளத்திலிருந்து ஏழு பதிவுகளை நீக்கச் சொன்னது. அவற்றில் இருந்தவை 33 முதல் 79 சொற்கள் வரையிலான மேற்கோள்களே. 5 முதல் 25 சொற்கள் வரை எடுத்தெழுத 12.50 டாலர் என்று அந்த முகமையின் விலைப்பட்டியலும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பதிவர்கள் கொதித்தார்கள், இனி அந்த முகமையின் செய்தியையே தொடமாட்டோம் என்று சிலர் புறக்கணித்தார்கள். முகமையின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: செய்தியாளரைக் களத்துக்கு அனுப்பச் செலவாகிறது, இலவசமாக அள்ளிப்போனால் யார் அனுப்புவார்? இது 1918-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இதே முகமை வைத்த வாதம். அன்று நீதிமன்றம், போட்டி நிறுவனம் சுடச்சுடச் செய்தியைத் திருடி விற்பதைத் தடுத்தது. ஆனால் நடந்த நிகழ்வு எவருக்கும் எழுத்துச் சொத்து ஆகாது என்றும் ஒப்புக்கொண்டது.

2025 மே மாதம் இந்தியாவிலும் அதே சண்டை வெடித்தது. தன் காணொளிகளில் இருந்தவை சில நொடிக் காட்சிகளே என்றும், புகார்களைத் திரும்பப் பெற ஏஎன்ஐ செய்தி முகமை தரப்பு பல லட்ச ரூபாய் கேட்டது என்றும் யூடியூபர் மோஹக் மங்கல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். தன் சட்டப்பூர்வ உரிமையைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்ன ஏஎன்ஐ, அவதூறு வழக்குடன் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. யூடியூபின் விதிப்படி 90 நாட்களுக்குள் மூன்று புகார்கள் நிலைத்தால் சேனலே போய்விடலாம். லட்சக்கணக்கான பார்வையாளர் உள்ளவர் பேரம் பேசலாம், வழக்கறிஞர் வைக்கலாம். மலையில் இரவல் கைபேசியில் படம் பிடிக்கும் நம் பிள்ளை என்ன செய்யும்? காணொளியை எடுத்துவிட்டு மௌனமாகும். அந்த மௌனம்தான் நமக்கு ஆபத்து.

சட்டத்தில் நமக்கு உள்ளது

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆய்வுக்கும், விமர்சனத்துக்கும், நடப்புச் செய்திகளைத் தெரிவிக்கவும் நியாயமான அளவில் எடுத்தாள்வது மீறல் ஆகாது. இத்தனை சொல், இத்தனை நொடி என்று சட்டம் எந்தக் கணக்கும் சொல்லவில்லை. எதற்காக எடுத்தீர்கள், தேவைக்கு மேல் எடுத்தீர்களா, மூலத்தின் சந்தையை அது பறிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நீதிமன்றத் தீர்ப்புகளை, அந்த நீதிமன்றமே தடை செய்யாதவரை, முழுதாகவே வெளியிடலாம். டெல்லிப் பல்கலைக்கழக நகலகக் கடை வழக்கில் 2016-இல் மாணவர் பக்கம் தீர்ப்பு வந்ததும் இந்தப் பிரிவின் பலத்தில்தான். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவருக்கு எதிராக நாமே நீதிமன்றம் போகலாம் என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது.

அம்பேத்கர் எழுத்துக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே அவர் வாழ்நாளில் வந்த நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. அவர் மறைவுக்குப் பின் முதன்முறையாக அச்சான கையெழுத்துப் படிகளுக்கு, அச்சான ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

உரிமை பேசும் நமக்குக் கடமையும் இருக்கிறது. எடுத்ததைப் பெயர், தேதியோடு சொல்லுங்கள். விமர்சனத்துக்குத் தேவையான அளவே எடுங்கள், அதன் மேல் உங்கள் சொல்லை வையுங்கள். வெட்டி ஒட்டிவிட்டு விமர்சனம் என்று பெயர் வைக்காதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ படத்தையோ பெரிய ஊடகம் வெளியிட்டிருந்தாலும் நாம் எடுத்தாளக்கூடாது. அதற்கு எந்த மேற்கோள் உரிமையும் துணை வராது. நம் தோழர் களத்தில் எடுத்த படத்தைப் பெரிய ஊடகம் பெயரில்லாமல் போட்டால் நாம் கொதிக்கிறோம். அதே நேர்மையை இன்னொரு சிறு எழுத்தாளரிடம் நாமும் காட்ட வேண்டும்.

ஒண்டிக்கடைத் தோழர்களுக்கு நம் பதில் இது: காணொளியின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சில நொடிகள் எந்த விமர்சனத்துக்காக எடுக்கப்பட்டன என்று 52-ஆம் பிரிவைச் சுட்டி எதிர்மனு எழுதுங்கள். அதில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நம்மைப் பற்றி அவர்கள் எழுதியதை எடுத்துக்காட்டி, அதன் கீழே நம் மறுப்பை வைப்பது அம்பேத்கர் 1937-இல் செய்த வேலை. அதைத் தொடருங்கள்.

ஜெய்பீம்.