பிரேதப் பரிசோதனை

இறந்தவரின் உடலை வெளியே பார்த்தும் அறுத்துப் பார்த்தும் சாவின் காரணத்தைக் கண்டறியும் மருத்துவ ஆய்வு. உடற்கூறாய்வு என்றும் சொல்வர், பேச்சில் போஸ்ட்மார்ட்டம். நோயின் போக்கை அறிய மருத்துவமனை தானாகச் செய்வது ஒரு வகை. அதற்கு உறவினரின் சம்மதம் வேண்டும். சந்தேக மரணத்தில் காவல்துறையோ நடுவரோ கேட்டுச் செய்யப்படுவது மற்றொன்று. அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. இந்தியாவில் நடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

படுவா நகரப் பேராசிரியர் மொர்காஞ்ஞி, ஏறத்தாழ 700 பேரின் நோய்க்குறிகளை அவர்களின் உடலில் கண்ட மாற்றங்களோடு ஒப்பிட்டு 1761இல் நூலாக வெளியிட்டார். குறிப்பிட்ட நோய்க்கு உடலில் குறிப்பிட்ட இடம் உண்டு என்ற எண்ணம் அதன் பிறகே மருத்துவத்தில் வேரூன்றியது. 1847இல் வியன்னாவில், பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்ட ஒரு பேராசிரியர் இறந்தார். அவர் உடலில் இருந்த மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவை போலவே இருப்பதை அவருடைய நண்பர் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குப் போன மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுசென்றிருந்தன. குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பரிசோதனை நடந்தது சென்னையில், 1693 ஆகஸ்டில். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர், மருத்துவர் சாமுவேல் பிரவுன் கொடுத்த மருந்தை உட்கொண்டு இறந்துபோனார். பாஷாணம் அரைத்த கல்வத்திலேயே அந்த மருந்துக்கான முத்தும் பொடிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. உடலை ஆய்ந்தவர் எட்வர்டு பல்க்லி. மருத்துவப் பிழை, குற்றம் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே உடலிடம் கேட்க வேண்டியிருந்த வழக்கு அது.

இன்று இதற்கான அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194, 196 ஆகிய பிரிவுகளில் உள்ளது. 2024 ஜூலை வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, 176 பிரிவுகள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கு இடமாக இறந்தாலோ பரிசோதனை கட்டாயம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரும் விசாரிப்பார். காவலில் ஒருவர் இறந்தால் விசாரிப்பவர் நீதித்துறை நடுவர்.

மேசையில் மருத்துவர் தேடுவன பெரும்பாலும் சிறு தடயங்களே. தூக்கில் கயிற்றுத் தடம் கழுத்தின் மேற்பகுதியில் சாய்வாக ஏறி, முடிச்சருகே விட்டுப்போகும். பின்னாலிருந்து இறுக்கிக் கொன்றிருந்தால் பெரும்பாலும் கிடையாக முழுச்சுற்றும் இருக்கும். தீயில் கிடந்த உடலின் மூச்சுக்குழாயில் கரித்துகள் இருந்தால், தீப்பிடித்தபோது உயிர் இருந்தது என்று பொருள். நஞ்சு என்று சந்தேகம் எழுந்தால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகப் பகுதிகள் வழக்கமாகத் தெவிட்டிய உப்புக் கரைசலில் இட்டு, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். முடிவு வரும்வரை சாவின் காரணம் நிலுவையில் நிற்கும். காத்திருக்கும் குடும்பத்துக்கு இதுவே பெரிய சோதனை. அத்தனை செய்தும் காரணம் பிடிபடாத உடல்கள் உண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து நேரும் சாவு எந்தத் தடயமும் விடாமல் போகலாம்.

அறிக்கை நீதிமன்றத்தில் தானாகவே சாட்சியமாகிவிடாது; வழக்கமாக மருத்துவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். அதுவும் நிபுணர் கருத்தே. நம்பத்தக்க நேரடிச் சாட்சி வேறு மாதிரிச் சொன்னால், மருத்துவச் சான்று அதை அறவே சாத்தியமற்றதாக்கினால் ஒழிய, சாட்சியின் பக்கமே நீதிமன்றங்கள் சாய்கின்றன.

வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதிக்க 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல் ஆகியவற்றுக்குப் பொதுவாக இது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழும் சூழல் மட்டும் விலக்கு.

மருத்துவமனை தன் கணிப்பையே சரிபார்க்கச் செய்யும் முதல் வகை உலகெங்கும் அருகிவிட்டது. ஸ்கேன் வந்தபின் அறுப்பானேன் என்பது ஒரு காரணம். தவறு வெளிப்படும் என்ற தயக்கமும் சேர்ந்திருக்கலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வளர்ந்த, அறுக்காமல் ஆராயும் முறையை டெல்லி எய்ம்ஸ் 2021இல் தொடங்கியது. அந்த சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் தோட்டாவையும் தெளிவாகக் காட்டும். நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னும் இரத்தமும் உறுப்பும் எடுத்தாக வேண்டும்.