காக்கியும் கால்பந்தும்: இந்துமதி கதிரேசன்

தமிழகப் பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சென்னையை விட்டுவிட்டுக் கடலூரில்தான் தொடங்க வேண்டும். இந்துமதி அந்த ஊர்க்காரர். நடுக்கள ஆட்டக்காரர்தான், ஆனால் கோல் அடிப்பதில் முன்களத்தாருக்குச் சளைத்தவர் அல்லர்!

2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழகம் முதன்முறையாகத் தேசியக் கோப்பையை வென்றது. மணிப்பூர் எப்பேர்ப்பட்ட அணி என்று அறிந்தவர்களுக்கே இதன் அருமை புரியும். 2019-ல் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்துமதி அடித்தது 4 கோல்கள். அதே ஆண்டு மதுரையின் சேது அணி இந்திய லீக்கை வென்றது.

2020 ஊரடங்கின்போது பந்தை ஓரம் வைத்துவிட்டு, சென்னைச் சாலைகளில் காவல் உதவி ஆய்வாளராக நின்றார். 2022 ஜனவரியில் நவி மும்பையில் ஆசியக் கோப்பை. ஈரானுடன் 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அதே கொரோனா அணிக்குள் புகுந்துவிட்டது. களமிறக்க ஆள் போதவில்லை, இந்தியா வெளியேறியது.