மாவ்பிக்குப் போகும் றோட்டு

பர்மாவுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது குசினியில் எல்லோரும் சிரித்தார்கள். லீவு கிடைத்தால் லண்டனுக்கும் கனடாவுக்கும் கலியாண வீடுகளுக்குப் போகிறவர்கள் நாங்கள். கோப்பை கழுவும் காரைக்கால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"மாவ்பின்னு ஒரு ஊரு இருக்கு தம்பி. ரங்கூனுக்கு வடக்க. எங்கப்பாவோட தங்கச்சிய அங்கதான் ரோட்டோரமா பொதைச்சாங்க. நாலு வயசு. காய்ச்சல். போனா பாத்துட்டு வாங்க."

1942இல் அவருடைய அப்பாவுக்கு ஒன்பது வயது. பாட்டனார் றங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என் வரலாற்றுப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அங்கே பர்மாப் போர் என்று நான் குறிப்பெடுத்தது அரைப் பக்கம். அதில் தளபதிகள் இருந்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் இல்லை.

2020 தை மாதம் போனேன். தனியாக, பஸ்ஸிலும் பின்பக்கம் திறந்த சிறு லொறிகளிலும். முதலில் தெற்கே மொல்மேனுக்கு அப்பால் தான்பியூசயாத். சயாம் மரண றெயில் பாதையின் பர்மா முனை அதுதான். 2016இல் அங்கே ஒரு நூதனசாலை திறந்தார்கள். பழைய நீராவி எஞ்சின், ஒரு துண்டுத் தண்டவாளம், வேலை செய்யும் கைதிகளின் சிலைகள், படங்கள். 415 கிலோமீற்றர்ப் பாதையை யப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து மயானத்தில் வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர், வயது. ஆசியக் கூலிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்றால் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர் அதில் பெருந்தொகை. அவர்களுக்கு அப்படி ஒரு கல்வரிசை இல்லை.

மலாயாப் பென்சனில் கல்வீடு கட்டிய ஊர்கள் எங்களுடையவை. தோட்டக் கிராணிமாராக இருந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. ஆனால் அவர்கள் பெயர் பதிந்த கூலிகளைப் பற்றி எங்கள் வீட்டு விறாந்தைகளில் யாரும் கதைத்து நான் கேட்டதில்லை.

திரும்பி வடக்கே வந்தேன். றங்கூனிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் தாவ்ச்சான் என்ற சந்தி. ஒரு றோட்டு பெகுவுக்கும் மண்டலேக்கும் பிரிகிறது. மற்றது மாவ்பி வழியாகப் புறோமுக்கு, இன்றைய பியேக்கு. சந்திக்குக் கிட்டப் பெரிய போர் மயானம். 6,374 கல்லறைகள். நடுவே நீண்ட தூண் மண்டபம், அதில் உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 படையாட்களின் பெயர்கள். பெரும்பாலானவை இந்தியப் பெயர்கள். புல் ஒரே அளவில் வெட்டியிருந்தது. சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்காத அமைதி. சாமி என்று முடியும் பெயர்களைத் தேடித் தேடி வாசித்தேன். வாய்விட்டும் வாசித்தேன், யாரும் இல்லாத துணிவில்.

நடு வட்டத்தில், சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற கருத்தில் ஐந்து மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். ஆங்கிலம், பர்மியம், ஹிந்தி, உருது, குர்முகி. மதராஸ் படைப்பிரிவுகளும் பர்மாவில் போரிட்டவைதான். தமிழ் இல்லை. எனக்கு அதில் பெரிய கோபம் வரவில்லை. செத்தவன் அந்நியனின் படையில் செத்தான். கல்லும் அந்நியனின் கல். என்னைக் குடைந்தது வேறு விஷயம்.

1942 மார்ச் 7ஆம் திகதி பிரித்தானியப் படை றங்கூனைக் கைவிட்டு இதே றோட்டால்தான் ஓடியது. தாவ்ச்சானில் யப்பானியர் வழியை மறித்திருந்தார்கள். ஜெனரல் அலெக்சாண்டரே அகப்பட்டிருப்பார். ஆனால் யப்பானியப் படை றோட்டைக் கடந்து மேற்குப் பக்கத்தால் றங்கூனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது. மறிப்பு அந்த நகர்வுக்குக் காவல் மட்டும். கடந்து முடிந்ததும் மறிப்பை எடுத்துவிட்டார்கள். மறுநாள் படை தப்பிப் போனது. போர்ச் சரித்திரம் எழுதியவர்கள் இதைச் சுவையாகச் சொல்வார்கள்.

அந்தப் படைக்கு முன்பே இந்த றோட்டால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1931 குடிசன மதிப்பீட்டில் றங்கூனின் சனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்: தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள். துறைமுகமும் அரிசி ஆலையும் அவர்கள் தோளில்தான் ஓடின. 1941 டிசம்பர் 23ஆம் திகதி முதற் குண்டு விழுந்தது. நத்தார் அன்றும் விழுந்தது. கப்பலுக்குக் காசுள்ளவன் கப்பலேறினான். மற்றவர்கள் புறோம் றோட்டால் நடந்தார்கள். ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நடந்தால் புறோம். பிறகு ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் ஏறி இறங்கித் தவுங்குப், அங்கிருந்து கடல் வழி அக்கியாப், சிட்டகொங். வழியெல்லாம் கொலரா. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று இந்தியாவில் அந்த வருடமே கண்டனம் எழுந்தது.

பர்மாவிலிருந்து எல்லா வழிகளாலும் போனவர்கள் நாலு இலட்சத்துக்கும் மேல். வழியில் செத்தவர்கள்? ஒருவர் 10,000 என்கிறார், ஒருவர் 50,000, இன்னொருவர் அதற்கும் மேல். செத்தவர்களின் தொகை ஆளுக்கு ஆள் மாறுவது எங்களுக்குப் புதிதல்ல. 2009க்குப் பிறகு இதே கூட்டல் கழித்தலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். படையாளுக்குப் படை எண் இருந்தது, சம்பளப் பதிவு இருந்தது. அதனால் உடல் கிடைக்காவிட்டாலும் பெயர் கிடைத்தது. கூலியைக் கணக்கெடுத்தவர்களுக்கு அவன் கப்பலில் வந்து இறங்கிய தலை, அவ்வளவுதான். நாலு வயதுப் பிள்ளை எந்தப் பதிவில் இருக்கும்?

அன்று மத்தியானம் மாவ்பிக்குப் போனேன். றெயில் நிலையம், சந்தை, தேநீர்க் கடைகள், வயல். போர்க்கால விமானத்தளம் இப்போதும் விமானப்படையிடம். படமெடுக்கப் பயந்துகொண்டே நடந்தேன். சீருடை கண்டால் கமெராவை மறைக்கும் பழக்கம் ஊரிலிருந்தே கொண்டுவந்தது. தேநீர்க் கடையில் ஒரு கிழவரிடம் கை காட்டி, தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல் என்று கேட்டேன். அவர் சிரித்து இன்னொரு கோப்பைத் தேநீர் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஊருக்கு வெளியே றோட்டோரம் ஒரு பெரிய மழைமரம் நின்றது. எண்பது வருடம் நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். வேறு எதைப் படமெடுப்பது? அதை எடுத்தேன்.

நான் வந்து ஒரு வருடத்தில், 2021 பெப்ரவரியில், அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுபடி சனம் மூட்டை கட்டியது.

காரைக்கால்காரரிடம் படத்தைக் கொடுத்தேன். வேலை முடிந்து அடுப்பெல்லாம் அணைந்திருந்த நேரம். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இது ரோட்டுக்கு எந்தப் பக்கம் தம்பி?"

"வடக்கை போகேக்கை இடப்பக்கம், அண்ணை."

"அப்பா வலப்பக்கம்னு சொல்லுவாரு" என்றார். பிறகு படத்தைக் கவனமாக மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.