எஸ்பராந்தோவின் ஏவலும் வியங்கோளும்

லுத்விக் ஸாமென்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட சிறுநூலில் அவர் உருவாக்கிய எஸ்பராந்தோ மொழியின் வினைச்சொல்லுக்கு இடவேறுபாடும் இல்லை, எண்வேறுபாடும் இல்லை. மூன்று காலங்களுக்கு மூன்று விகுதிகள், நிபந்தனைக்கு ஒன்று, வினையின் பெயர்வடிவுக்கு ஒன்று. எஞ்சுவது ‘உ’ என்னும் ஒற்றை விகுதி. ஏவல், வேண்டுதல், வாழ்த்து, இசைவு ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பு. ‘வேனு’ என்றால் வா. ‘நி வேனு’ என்றால் நாம் வருவோமாக. ‘லி வேனு’ என்றால் அவன் வரட்டும். ‘விவு’ என்றால் வாழ்க. கட்டளையையும் வாழ்த்தையும் ஒரே உருவில் அடைத்தது மொழியின் வறுமை என்போர் உண்டு. சிக்கனம் என்று சொல்லி அதைப் பொறுத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. விருப்பம் எதுவோ அதை வினையிலும், அதன் கடுமை மென்மையை வினைக்கு வெளியிலும் வைத்ததே இந்த அமைப்பின் சிறப்பு.

இதற்கு மாறான வழியை முன்னரே ஒருவர் முயன்றிருந்தார். 1880இல் நூலாக வெளிவந்த வோலப்யூக் மொழியில் ஜெர்மானியப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர் இயல்பான ஏவலுக்கு ஒன்று, பணிவான விழைவுக்கு ஒன்று, கண்டிப்பான ஆணைக்கு ஒன்று என மூன்று விகுதிகளை வகுத்தார். அந்த மொழி தளர்ந்ததற்கு இயக்கத்துக்குள் எழுந்த பிணக்குகளும் காரணம். பழியை இந்த விகுதிகளின் மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் ஒரு கேள்வி நிற்கிறது. பணிவுக்கும் கண்டிப்புக்கும் இடையே எத்தனையோ படிகள் இருக்க, மூன்றோடு நிறுத்துவது எதனால்? தாய் பிள்ளையிடம் சொல்லும் ‘வா’வும் அதிகாரி ஊழியரிடம் சொல்லும் ‘வா’வும் வேறுபடுவது சொல்வோர் கேட்போர் உறவால். எஸ்பராந்தோ அந்த உறவைக் காட்ட ‘போன்வோலு’ (தயவுசெய்து) போன்ற தனிச்சொல்லைத் தருகிறது. அதுவும் ‘உ’ ஈற்றுச் சொல்லே.

ஒரே விகுதி பொருள்மயக்கம் தராதா என்பது அடுத்த தடை. உண்மையில் இந்த விகுதி மயக்கத்தைத் தீர்க்கிறது. ‘மி திரிஸ், கே லி வேனோஸ்’ என்றால் அவன் வருவான் என்று சொன்னேன். ‘மி திரிஸ், கே லி வேனு’ என்றால் அவன் வரட்டும் என்று சொன்னேன். முன்னது செய்தி, பின்னது விருப்பம். இரண்டையும் பிரிப்பது வினையீறு ஒன்றுதான். அதைவிட நுட்பமான சான்று வினாவில் கிடைக்கிறது: ‘சு மி வேனு?’, அதாவது ‘நான் வரட்டுமா?’ வருபவர் வினவுபவரே. ஆனால் வினவப்படுவது எதிரிலிருப்பவரின் விருப்பம். வெறும் ஏவலாக இருந்தால் இந்த உருவை வினாவாக்கவே முடியாது. அதன் எல்லையும் தெளிவானது. ‘அவன் வருவான் என நம்புகிறேன்’ என்னுமிடத்தில் ‘உ’ வராது, எதிர்கால ஈறே வரும். நம்பிக்கை ஒரு கணிப்பு, விழைவு அன்று. கைகூடாத ஏக்கத்துக்கோ நிபந்தனை ஈறு இருக்கிறது.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இது அன்னியமாகத் தோன்றாது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் நான்கையும் நம் வியங்கோள் ஒரே உருவில் தாங்குகிறது. தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியதென்றார் நன்னூலார். ஸாமென்ஹாஃப் இவற்றை அறிந்திருந்தார் என்பதற்கில்லை. ஆனால் தமிழ் முன்னிலைக்கெனத் தனியே ஏவலை வைத்துக்கொண்டது. அவர் அந்தச் சுவரையும் எடுத்துவிட்டார்.

லோஜ்பான் என்னும் மற்றோர் ஆக்கமொழி இன்னும் ஓரடி போகிறது. அங்கே வினை மாறுவதேயில்லை. ‘கோ’ என்னும் முன்னிலைச் சொல்லே ஏவலைத் தருகிறது. ‘மி விஸ்கா கோ’ என்றால் நான் உன்னைக் காணும்படி செய் என்று பொருள். வேண்டுதல், நம்பிக்கை, ஆசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உணர்வுச்சொற்கள் உண்டு. தருக்க ஒழுங்கை நோக்கமாகக் கொண்ட மொழியும் ஏவலின் தொனியை வினைக்கு வெளியே வைத்திருப்பது என் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

குறை ஒன்று உண்டு. அது விகுதியில் இல்லை, அதற்கு இட்ட பெயரில் இருக்கிறது. 1905இல் எஸ்பராந்தோவின் அடிப்படை நூலாக ஏற்கப்பட்ட ‘ஃபுண்டமெந்தோ’ இதை ஏவல் என்றே வகைப்படுத்தியது. பின்வந்த இலக்கண அறிஞர்கள் விழைவுவினை எனத் திருத்தியும் பாடநூல்களில் பழைய பெயர் நீடிக்கிறது. ஆதலால் கற்போர் ‘வா’ என்பதை முதலில் பழகிவிட்டு, ‘அவன் வரட்டும்’ என்பதை விதிவிலக்காக எண்ணித் தயங்குகிறார்கள். படர்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்கி, முன்னிலையை அதன் ஒரு வகையாகக் காட்டுவதே முறை.