தடிமன் எந்த லேயரில் இருக்கிறது? தஞ்சாவூர் மக்கும் திரையின் மேடுபள்ளமும்

டிஜிட்டலில் படம் வரையப் பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். பெயின்ட் தடிமனாகத் தெரியணும். தொட்டால் விரலில் இடிக்கும் போலிருக்கணும். இணையத்தில் தேடினால் கிடைக்கிற பாடங்கள் எல்லாமே வான்கோவில்தான் தொடங்கும். அந்தச் சூரியகாந்தி, அந்தச் சுழல் வானம், பிறகு “இந்த பிரஷ்ஷை டவுன்லோடு செய்யுங்கள்”.

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. லேயர்களை அடுக்கித் தடிமன் காட்டுகிற முறைக்கு நெருங்கிய சொந்தக்காரர் வான்கோ இல்லை, தஞ்சாவூர் பலகைப் படம். அங்கிருந்து யாரோ கற்றுக்கொண்டு போய் மென்பொருள் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு தொடர்பு கிடையாது. ஆனால் வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. அது ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் பெயின்டை அப்பிவைக்கும் முறைக்கு இம்பாஸ்டோ என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ரெம்ப்ராண்ட் ஈயவெள்ளையை இப்படி அப்பி நகை, சட்டைக் கை, மூக்கு நுனியில் ஒளி பிடிக்கவைத்தார். 2019-இல் வேதியியலாளர்கள் அவருடைய இம்பாஸ்டோவை ஆராய்ந்து, அதில் பிளம்போனாக்ரைட் என்ற அரிய ஈயக் கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பெயின்ட் சரியாமல் நிற்பதற்காக அவர் தெரிந்தே பக்குவம் பார்த்துக் கலந்திருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. வான்கோ 1880-களில் அதே வேலையைப் படம் முழுக்கச் செய்தார். இங்கே கவனிக்கவேண்டியது, நிறமும் மேடும் ஒரே இழுப்பில் பிறக்கின்றன. மஞ்சளை விட்டுவிட்டு மஞ்சளின் மேட்டை மட்டும் தனியே எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் எல்லாம் ஒரே லேயர்.

தஞ்சாவூரில் கதை வேறு.

1676 முதல் 1855 வரை நீடித்த மராட்டியர் ஆட்சியில், முக்கியமாக இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில், இந்தப் பாணி இன்று நாம் பார்க்கிற உருவத்துக்கு வந்தது. பலகையில் துணி ஒட்டுவார்கள். அதன்மேல் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழவென்று தேய்ப்பார்கள். அதில் கோட்டுப்படம். பிறகு கல் பதிப்பு. அடுத்து மக்கு: அதே பொடியும் கோந்தும் கெட்டியாகக் குழைத்த விழுது. கிரீடம், மாலை, தூண், திருவாசி, திரைச்சீலை மடிப்பு என்று எங்கெல்லாம் மேடு வேண்டுமோ அங்கெல்லாம் மக்கைத் தூரிகையால் ஏற்றுவார்கள். இப்போது மருதாணிக் கோன் மாதிரி ஒன்றில் அடைத்துப் பிதுக்குகிறவர்களும் உண்டு. ஒரேயடியாக அப்பினால் காயும்போது வெடித்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மக்கின்மேல் தங்க ரேக்கு. நிறம் அதற்கப்புறம்தான். முகத்தில் பெரும்பாலும் மக்கே கிடையாது, தட்டையான பரப்பில் வர்ணச் சாயல் மட்டும். கடைசியில் கண், புருவம், நகைக் கோடுகள்.

இந்த வரிசையை ஒரு மென்பொருள்காரன் கண்ணால் பாருங்கள். மேடு ஒரு லேயர். மினுமினுப்பு ஒரு லேயர். நிறம் ஒரு லேயர். கோடு ஒரு லேயர். மக்கு ஏற்றும்போது அதற்கு நிறமே இல்லை, வெறும் வெள்ளை. எவ்வளவு உயரம் என்ற ஒரு தகவல்தான் அதில் இருக்கிறது. கணினி வரைகலையில் இதற்கு ஹைட் மேப் என்று பெயர். நான் உயரப்படம் என்கிறேன்.

உயரப்படம் என்றால் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்ளோதான். கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு. 1978-இல் ஜேம்ஸ் பிளின் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். வழவழப்பான பந்தின் வடிவத்தை மாற்றவே வேண்டாம், ஒளியைக் கணக்கிடும்போது மட்டும் மேடுபள்ளம் இருப்பதாகப் பாவித்தால் போதும், கண் ஏமாந்துவிடும் என்று காட்டினார். பம்ப் மேப்பிங் என்று அது பெயர் பெற்றது. இன்று விளையாடுகிற எந்தக் கேமிலும் செங்கல் சுவர் சொரசொரப்பாகத் தெரிந்தால், அதன் தாத்தா இந்தக் கட்டுரை.

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு வரிசையில் ஐந்து பிக்சல்களின் உயரம் 10, 10, 40, 40, 10 என்று வையுங்கள். பக்கத்துப் பக்கத்து வித்தியாசம் 0, +30, 0, −30. இதை நடுச்சாம்பல் நிறமான 128-உடன் கூட்டினால் 128, 158, 128, 98. இடது பக்கமிருந்து ஒளி வருவதாக எடுத்துக்கொண்டால் ஏறுகிற சரிவு வெளிச்சம், இறங்குகிற சரிவு இருட்டு. மேட்டின் உச்சிக்கும் தரைக்கும் ஒரே சாம்பல்தான்! கண்ணுக்குத் தடிமனாகப் படுவது உயரம் அல்ல, சரிவு. எம்பாஸ் ஃபில்டர் என்று எல்லா மென்பொருளிலும் இருப்பதன் அடிப்படை இதுதான்.

ஓவிய மென்பொருளுக்கு இது வந்துசேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் மார்க் ஜிம்மரும் டாம் ஹெட்ஜஸும் எழுதிய பெயின்டர் என்ற மென்பொருள் நிஜமான பெயின்ட் டப்பாவில் அடைத்து விற்கப்பட்டது. போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், பெவல் அண்ட் எம்பாஸ் 1998-இல். பெயின்டரும் 90-களின் பிற்பகுதியில் இம்பாஸ்டோ வசதியைச் சேர்த்தது. 2002-இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன், ஒவ்வொரு தூரிகை இழுப்புக்கும் நிறத்தோடு ஓர் உயரப்படத்தையும் வைத்து, கடைசியில் மொத்தத்துக்கும் ஒளி போடும் எளிய முறையை வெளியிட்டார். பெயரெல்லாம் இம்பாஸ்டோதான். ஆனால் உள்ளே நடப்பதென்ன? மேடு தனி, நிறம் தனி, ஒளி தனி. வான்கோ பெயரில் தஞ்சாவூர் வேலை.

இலவச மென்பொருளான கிரிட்டாவில் இதற்கு உள்ள ஃபில்டரின் பெயர் ஃபாங் பம்ப்மேப். பூயி துவோங் ஃபாங், ஹனோயில் பிறந்த வியட்நாம்காரர். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒரு பொருளின் பளபளப்பைக் கணக்கிடும் அவர் சூத்திரம் 1975-இல் அச்சானது. அதே ஆண்டு ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தச் சூத்திரத்துக்கு மூன்று துண்டுகள்: எங்கும் பரவிய வெளிச்சம், சரிவைப் பொறுத்த வெளிச்சம், கண்ணாடி போலத் தெறிக்கிற வெளிச்சம்.

இதில் மூன்றாவது துண்டில்தான் தஞ்சாவூர் படத்தைத் திரையில் செய்கிற எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். மஞ்சள் பூசி, எம்பாஸ் தட்டினால் தங்கம் வராது. மஞ்சள் பிளாஸ்டிக் வரும். காரணம் என்னவென்றால், பிளாஸ்டிக்கில் தெறிக்கும் ஒளி வெள்ளையாக இருக்கும், உலோகத்தில் தெறிக்கும் ஒளிக்கு அந்த உலோகத்தின் நிறமே இருக்கும். ராபர்ட் குக்கும் கென்னத் டாரன்ஸும் 1980-களின் தொடக்கத்தில் இதைத்தான் விளக்கினார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் ஒரு செம்புப் பாத்திரம். ஆகவே தெறிப்பு லேயரில் வெள்ளைக்குப் பதில் வெளிர்பொன், நிழலில் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பு. இந்த ஒரு மாற்றம் எந்த பிரஷ்ஷையும்விட அதிகம் உதவும்.

இன்னொன்று, உயரப்படத்தை 8 பிட்டில் வைக்காதீர்கள். 256 படிகள்தான் கிடைக்கும், மெதுவான சரிவெல்லாம் கிணற்றுப் படிக்கட்டு மாதிரி தெரியும். 16 பிட் போதும்.

சரி, ஒளி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். விண்டோஸ் 95 பட்டன்கள் நினைவிருக்கிறதா? மேல், இடது ஓரங்களில் வெள்ளை, கீழ், வலது ஓரங்களில் கறுப்பு. கல்லூரியில் விஷுவல் பேசிக்கில் பட்டனாக இழுத்துவைத்த தலைமுறை நாங்கள். அந்த இரண்டு கோட்டிலேயே பட்டன் புடைத்துத் தெரியும். கோடுகளை இடம் மாற்றினால் அமுங்கிப்போகும். இது ஏன் வேலை செய்கிறது என்பதை 1988-இல் அழகாகச் சோதித்துக் காட்டியவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் சாயலிட்ட வட்டம் மேடாகத் தெரிகிறது, அதையே தலைகீழாக்கினால் குழியாகிவிடுகிறது. மூளை இரண்டு விஷயங்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது: ஒளி மேலிருந்து வருகிறது, ஒளி ஒன்றே ஒன்றுதான். நாம் தலையைச் சாய்த்தால் அந்த “மேல்” கூடவே சாய்கிறது என்பது இன்னும் வேடிக்கை.

இப்போது பூஜை அறைக்கு வாருங்கள். ட்யூப்லைட் வராத காலம். வெளிச்சம் படத்தின் முன்னால், கீழே, அகல் விளக்கு. அது மேலிருந்தும் வரவில்லை, அசையாமலும் நிற்கவில்லை. அச்சில் வரைந்த நிழல் என்றால் இங்கே தோற்றுப்போகும். மக்கு தோற்காது, ஏனென்றால் அதற்கு நிழல் வரையப்படவே இல்லை. சுடர் ஆடும்போது ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் தங்கம் இடம் மாறி மாறி மின்னும். முகம் தட்டையாக இருப்பதால் அது மட்டும் அசையாது. சுற்றிலும் எல்லாம் துடிக்க, நடுவில் முகம் அமைதியாக இருக்கிறது. முகத்தில் மக்கு வைக்காததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வெறும் சிக்கனம் என்று வாதிடுகிறவர்கள் ஒரு தடவை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வரட்டும்.

நான் வேலை செய்கிற ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் பக்கம் பெயின்ட் லேயர் என்பது அன்றாட வார்த்தை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது, ஓரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை 2010-இல். கார் உடம்பில் நாலு பூச்சு: துரு பிடிக்காமலிருக்க மின்பூச்சு, பிரைமர், நிறம் தருகிற பேஸ் கோட், மேலே கிளியர் கோட். நாலும் சேர்ந்து சுமாராக 100 மைக்ரான். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தஞ்சாவூரில் மேடு வருவதற்காக லேயர் போடுகிறார்கள், இங்கே மேடே வராமலிருப்பதற்காக. பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சிறுசிறு குழியாகத் தெரிந்தால் அது குறை.

அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? பெயின்ட் ஷாப்பின் கடைசியில் வரிசை வரிசையாகக் குழல்விளக்கு போட்ட ஒரு சுரங்கம் இருக்கும். வண்டி அதற்குள் நகரும். விளக்கின் பிம்பம் நேர்கோடாக இருந்தால் சரி, நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ. நேரே பார்த்தால் எதுவும் தெரியாது, பக்கவாட்டு ஒளிதான் காட்டிக்கொடுக்கும். அருங்காட்சியகங்களிலும் பழைய ஓவியத்தின் பரப்பைச் சோதிக்க இப்படித்தான் சாய்வாக விளக்கடிக்கிறார்கள். ஒரு கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்த ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: “சார், கண்ணால பாக்காதீங்க, லைட்டால பாருங்க.”

இந்த வித்தை வீட்டுக்கும் உதவும். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு நினைவுப்பரிசாகத் தஞ்சாவூர் படம் கொடுப்பது இந்தப் பக்கக் கம்பெனிகளில் சகஜம். கிரகப்பிரவேசத்துக்கும் அதுதான். 2007-08-இல் புவிசார் குறியீடு கிடைத்த கலை இது. ஆனால் நான் மேலே சொன்ன அதே எம்பாஸ் கணக்கில் தயாரித்து, தட்டையாக அச்சடித்து, கண்ணாடி போட்ட படங்களும் தஞ்சாவூர் படம் என்ற பெயரில் கைமாறுகின்றன. அச்சு மலிவாக வருவதில் எனக்குக் குறையில்லை, அச்சு என்று சொல்லி விற்றால் சரி. சொல்லாமல் விற்றால் அடிபடுவது நாள்கணக்கில் உட்கார்ந்து மக்கு ஏற்றுகிறவரின் கூலி.

வாங்கும்போது போனில் டார்ச்சைப் போட்டு, படத்தை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, மெதுவாக இடமிருந்து வலம் நகர்த்துங்கள். அசல் என்றால் ஒவ்வொரு கல்லின் நிழலும் டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். அச்சு என்றால் வெளிச்சம் எங்கே போனாலும் நிழல் கீழ்-வலது மூலையிலேயே உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் 95 பட்டன் மாதிரி. புடைப்பு அச்சு என்று மூன்றாவது ரகமும் உண்டு. அதில் நிஜ நிழல் ஓடும், கூடவே அச்சிட்ட நிழலும் நகராமல் நிற்கும். ஒரே கல்லுக்கு இரண்டு நிழல்.