அடகு போனது யார்?



இரட்டைமலை சீனிவாசனின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில், அவருடைய பள்ளி நாட்களிலிருந்தே தொடங்குகிறோம். 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில், கோயம்புத்தூரில் படித்த காலத்தை அவர் நினைவுகூர்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனப் பிள்ளைகள். தம் சாதியும் குடும்பமும் குடியிருப்பும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார்.

இதை நாம் தீண்டாமையின் கதையாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் நடுவில் சாதி புகுந்து நின்ற கதையும் இதுதான். பள்ளிக்குள் போக வேண்டுமானால் தாய் தகப்பனை வாசலுக்கு வெளியே மறைத்துவைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

சேரியைப் பற்றி ஊரில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. 'இவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையில்லை, நாலு காசுக்கு ஆசைப்பட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்' என்பது அந்தப் பேச்சு. குழந்தை நலம் என்ற பெயரில் எழுதப்பட்ட பல அறிக்கைகளிலும் இதே குரல் நாகரிகமான மொழியில் கேட்கிறது. இந்தக் குற்றச்சாட்டுக்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்ல முயல்கிறோம்.

சென்னை மாகாணத்தில் மண்ணோடு சேர்த்தும் மண்ணிலிருந்து பிரித்தும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். மலபாரில் கணவனிடமிருந்து மனைவியையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளையும் பிரித்து விற்றதைக் கம்பெனியாரின் ஆவணங்களே பதிவுசெய்துள்ளன. பிறந்த குழந்தை ஆண்டையின் சொத்து. 'என் பிள்ளை' என்று சொல்லும் உரிமை பெற்றவர்களுக்கு இருக்கவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. ஆனால் அடிமையாக இருந்தவர்களுக்கு அது ஒரு காணி நிலமும் தரவில்லை. அடிமைச் சீட்டு இருந்த இடத்தில் கடன் சீட்டு வந்து உட்கார்ந்தது. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளின் கல்யாணச் செலவுக்கு மிராசுதார் பணம் தருவார். அந்தக் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நடக்கவும் கோல் பிடிக்கவும் தெரிந்த வயதில் அந்த மகன் பண்ணையின் மாடுகளுக்குப் பின்னால் போவான். அவனை அனுப்பிவைத்தது தகப்பனின் பேராசை அல்ல, அவன் பிறக்கும் முன்பே எழுதப்பட்ட கணக்கு.

ஆலைகளும் பட்டறைகளும் பெருகியபோது இந்தக் கணக்கு நகரத்துக்கும் வந்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931இல் தந்த அறிக்கை, அமிர்தசரஸின் கம்பளத் தறிகளிலும் சென்னை மாகாணத்தின் பீடிப் பட்டறைகளிலும் முன்பணத்துக்கு ஈடாக வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1933ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு அடமானச் சட்டம். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், அடகு பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம் விதித்தது.

முதலாளிக்கு நான்கு மடங்கு அபராதம் என்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் 200 ரூபாய் கட்டிவிட்டு முதலாளி பட்டறையைத் திறக்கலாம். 50 ரூபாய் கட்டப் பெற்றவர்கள் எங்கே போவார்கள்? மறுபடியும் கடனுக்குத்தான் போக வேண்டும். ஏன் முன்பணம் வாங்கினாய் என்று அந்தச் சட்டம் பெற்றோரைக் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்கவும் அதில் வழியில்லை. முன்னோர் பட்ட கடனுக்காக உழைப்பதும் கொத்தடிமைத்தனமே என்று சொல்லி, அந்தக் கடனையே அழித்த சட்டம் வர 1976 ஆகிவிட்டது. இடையில் 43 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்கிடையே 1953இல் ராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரிடம் தொழில் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். பெற்றோரிடம் கற்பது நல்லதுதானே என்று அன்று சிலர் கேட்டார்கள். மலம் அள்ளும் தாயிடம் மகள் எதைப் பழகுவாள்? பறை அடித்துச் சாவுச் சேதி சொல்லப் பணிக்கப்பட்ட தகப்பனிடம் மகன் எதைப் பழகுவான்? அடகு பிடித்தவன் பெற்றோரைக் கடனால் கட்டினான். இந்தத் திட்டம் பெற்றோரையே கட்டும் கயிறாக்கப் பார்த்தது.

அந்தக் கயிறு அறுந்துவிடவில்லை. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அந்தப் பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளையின் விடுதலை பெற்றோரின் கூலியில் இருக்கிறது என்று கண்ட தீர்ப்பு அது. இருபது ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோர் வேலை செய்வதைத் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. வீட்டுக்கே இலையும் தூளும் கொடுத்துப் பீடி சுற்ற வைக்கும் முதலாளிக்கு அந்த வாசல் போதும்.

வேலூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் இரவுப் பாடசாலை நடத்திய நாட்களில், ஏன் பிள்ளையை அனுப்பவில்லை என்று ஒரு தாயிடம் கேட்டோம். "பெத்தவளுக்குத் தெரியாதாங்க எது நல்லதுன்னு? கடன்காரன் வாசல்ல நிக்கும்போது நீங்க யாரும் வந்து நிக்கலியே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. சமூகவியல் பாடத்தில் நாங்கள் படித்ததைவிட அந்த ஒரு கேள்வியில் விஷயம் அதிகம் இருந்தது.

நம் வீடுகளைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். வெளியே தலைகுனிந்துவிட்டு வந்த தகப்பனின் கோபம் வீட்டுக்குள் பிள்ளையின் முதுகில் இறங்குவதை நாம் அறிவோம். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்ட அக்காக்களையும் அறிவோம். சாதியைக் காரணம் காட்டி இதை மூடிமறைக்க முடியாது. 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியது இதைத்தான். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், தாழ்வு எண்ணத்தைப் போக்கி உயர வேண்டும் என்ற ஆசையை அவர்களிடம் வளருங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றார். ஒடுக்கப்பட்ட தாய்மாரிடம் கையேந்தும் இரக்கத்தை அவர் பேசவில்லை. பெற்றோர் என்ற அதிகாரத்தையும் பொறுப்பையும் அவர்கள் கையில் திருப்பித் தந்தார்.

எனவே குழந்தை நலம் என்று நாம் கேட்பது தனியான ஒரு துறையை அல்ல. பெற்றவர்களுக்கு நியாயமான கூலி, கடனில்லாத கல்யாணம், பெயரில் பட்டாவுள்ள நிலம், மனிதர் வாழத் தகுந்த ஆதிதிராவிடர் விடுதி ஆகிய எல்லாம் சேர்ந்ததே குழந்தை நலம். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்தச் சிறுவனின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்குள் போகிறார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆசிரியர் கேட்கும்போது தலைநிமிர்ந்து சொல்லும் நாள் இன்னும் எல்லோருக்கும் வரவில்லை. அந்த நாள் வரும்வரை நம் வேலை முடியாது.